இருநூறு ரூபாய் இசைத்தட்டு

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு நான் போனது ஒரு நாற்காலி வாங்க. சக்கரம் வைத்த, சாய்ந்தால் சாய்கிற, எழுந்தால் எழுந்திருக்கிற ஆபீஸ் நாற்காலி. வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவன், நடுநடுவே சேலையூர் கடைக்காரர்கள் நாலு பேருக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறவன். முதுகு வலிக்காதா?

அந்தச் சந்தையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கிடைக்காதது தாய் தகப்பன் மட்டும்தான் என்பார்கள். செல்லப் பிராணி, செடி, கருவாடு, கம்மோடு, கழட்டிய கம்ப்யூட்டர், ஒற்றைக் கால் ஷூ, யாரோ ஜெயித்த கேரம் கோப்பை... எல்லாம் தரையில் கோணி விரித்துக் கிடக்கும். ஒரு கோணியில் பழைய மிக்ஸி ஜார்களுக்கும் ஒரு ஸ்கூட்டர் சைலன்சருக்கும் நடுவே கறுப்பாக, வட்டமாக அது கிடந்தது.

"என்னப்பா இது?"

"ரிக்கார்டு சார். கிராமபோன் ரிக்கார்டு. ஐந்நூறு ரூபா."

"யாரு பாடினது?"

கடைக்காரர் தட்டைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். நடுவில் ஒட்டியிருந்த லேபிளில் முக்கால்வாசி உரிந்துபோய், 'எஸ்.ஜி.' மாதிரி ஏதோ ஒன்று தெரிந்தது. மாதிரிதான்.

"கிட்டப்பா சார்! எஸ்.ஜி.கிட்டப்பா! கேள்விப்பட்டுகிறியா?"

என் முகம் மாறியதை அவர் பார்த்துவிட்டார். சந்தையில் முகம் மாறக் கூடாது. பி.காமில் வியாபாரம் பற்றி மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்தார்கள், இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அரை மணி நேரம் பேரம் பேசி இருநூறுக்கு வாங்கினேன். "இதைப் போட்டுக் கேக்கிற மிஷினு?" என்றேன். "அது வேற ரேட்டு சார்" என்றார்.

நாற்காலி வாங்கவில்லை.

இந்தத் தட்டு அரக்கு. கீழே விழுந்தால் அப்பளம். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பல்லாவரம் ஸ்டேஷனில் சாயங்கால தாம்பரம் வண்டியில் ஏறினேன். கைக்குழந்தையோடு நின்ற ஓர் அம்மா என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "நீங்க உக்காருங்க சார்" என்று எழுந்துகொண்டார்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "நாற்காலி எங்கே?"

"பிளேட் வாங்கிட்டேன்."

"ஏங்க, நீங்க போடற பிளேடு போதாதா?"

*

ஏன் வாங்கினேன் என்பதற்குத் தாத்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

என் அப்பாவின் அப்பா. தென்காசிப் பக்கத்து கிராமம். வேலை கிடைத்து மெட்ராஸ் வந்து, தாம்பரத்தில் குடியேறி, ரயில்வேயில் ரிடையர் ஆனவர். பன்னிரண்டு வயசில் கிட்டப்பாவை நேரில் பார்த்திருக்கிறார். எந்த ஊர், என்ன நாடகம் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் சொல்வார். ஆனால், கதையின் முடிவு மட்டும் மாறாது: "நடுராத்திரி தாண்டிடுச்சு. மண்ணைக் குவிச்சுத் தலைக்கு வெச்சுத் தூங்கிட்டேன். திடீர்னு ஒரு குரல். முழிச்சுப் பார்த்தா, கொட்டகையிலே ஒருத்தனும் மூச்சு விடலே."

தாத்தாவுக்குத் தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்று. கிட்டப்பா பாடிய 'காமி சத்யபாமா'. கதவைச் சாத்திக்கொண்ட சத்யபாமாவிடம் கிருஷ்ணன், கதவைத் திற என்று கெஞ்சுகிற பாட்டு. நைட் ஷிஃப்ட் முடிந்து விடிகாலையில் வந்து, பாட்டி எழுந்து வர லேட்டானால், வாசலில் நின்று இதைத்தான் பாடுவாராம். எதிர்வீட்டுக்காரர்கள் எழுந்துவிடுவார்கள். பாட்டி கடைசியாக எழுந்திருப்பாள்.

பாட்டில் ஒரு மேல்ஸ்தாயி இடம் உண்டு. அங்கே போகும்போது தாத்தாவுக்கு இருமல் வரும். பீடி. இருமி முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஸ்வரம் பிசகாமல் தொடருவார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த இருமல் இல்லாமல் அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை. பல வருஷம் கழித்து யூ டியூபில் கிட்டப்பா பாடியதைக் கேட்டபோது, அந்த இடத்தில் அவர் இருமாமல் போனது எனக்கு என்னமோ தப்பு மாதிரிப் பட்டது.

*

யார் இந்தக் கிட்டப்பா?

செங்கோட்டையில் 1906 ஆகஸ்ட் 25-ல் பிறந்தவர். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-ல்தான் நம்மோடு சேர்ந்தது. அப்பா கங்காதர அய்யர், அம்மா மீனாட்சி அம்மாள். வைத்த பெயர் ராமகிருஷ்ணன். நிலைத்த பெயர் கிட்டப்பா. வீட்டில் பிள்ளைகள் அதிகம், வருமானம் கம்மி. அந்தக் காலத்தில் அதற்கு ஒரு தீர்வு இருந்தது. பையனை நாடகக் கம்பெனியில் விட்டுவிடுவது. இன்றைக்கு ஐ.டி. கம்பெனி மாதிரி. சாப்பாடு போடுவார்கள், கசக்கிப் பிழிவார்கள், திறமை இருந்தால் ஊர் ஊராக அனுப்புவார்கள்.

சங்கரதாஸ் சுவாமிகளின் கம்பெனியில் சின்னப் பையனாகச் சேர்ந்தார். பிறகு கன்னையா கம்பெனி. பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. மைக் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தகரக் கொட்டகை, ஆயிரக்கணக்கில் கூட்டம், கடைசியில் மணலில் உட்கார்ந்திருக்கிற தரை டிக்கெட்டுக்கும் கேட்கவேண்டும். அதனால்தான் அந்தக் கால ராஜபார்ட்டுகள் ஐந்து கட்டை சுருதியில் பாடினார்கள். ஐந்து கட்டை என்பது சாதாரண ஆண் குரலுக்கு மொட்டைமாடிக்கும் மேலே தண்ணீர் டேங்க். நாமெல்லாம் ஏணியைப் பார்த்தாலே மூச்சு வாங்குவோம். கிட்டப்பா அங்கே ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆர்மோனியத்தோடு அண்ணன் காசி அய்யர்.

1920-களின் நடுவில் இலங்கைக்கு நாடகம் போடப் போனபோது அங்கே ஏற்கெனவே ஒரு பெண் பாடிக் கலக்கிக்கொண்டிருந்தார். கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள். சின்ன வயசில் ரயிலில் பாடிக் காசு வாங்கிய பெண் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுவதுண்டு. நம் தாம்பரம் - பீச் வண்டியில் தோளில் ஸ்பீக்கர் மாட்டிக்கொண்டு பாடி வருகிறவர்களுக்குச் சில்லறை தேடும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். யார் கண்டது?

இரண்டு ஐந்து கட்டைக் குரல்கள் ஒரே மேடையில். வள்ளி திருமணத்தில் அவர் வேலன், இவர் வள்ளி. 1927-ல் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. சந்தோஷம், சண்டை, பிரிவு, கடிதம், மறுபடி சண்டை. ஆறு வருஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. உடம்பு கெட்டு, 1933 டிசம்பர் 2-ல் கிட்டப்பா இறந்துபோனார். வயது 27.

சுந்தராம்பாளுக்கு அப்போது 25. அன்றிலிருந்து வெள்ளைப் புடவை. மேடை வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தவர், 1935-ல் சினிமாவுக்கு வந்தபோது கதாநாயகியாக வரவில்லை. 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே, ஆண் வேஷத்தில் வந்தார். சம்பளம் ஒரு லட்ச ரூபாய். சவரன் முப்பது ரூபாயைத் தொடாத காலம். கால்குலேட்டரை எடுத்து நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு மயக்கம் வருகிறது. பிறகு மேல்சபை உறுப்பினர், 1953-ல் 'ஔவையார்', 1965-ல் 'திருவிளையாடல்'. 1980-ல் இறந்தார். நாற்பத்தேழு வருஷம் அந்த வெள்ளைப் புடவை மாறவே இல்லை.

சுந்தராம்பாளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கிட்டப்பாவை? தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' வந்தது 1931 அக்டோபரில். அதே வருஷம்தான் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் கரண்டு ரயில் விட்டார்கள். அதற்கப்புறம் கிட்டப்பா இரண்டு வருஷம் இருந்தார். ஆனால் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. அவர் நடந்து வருவது, சிரிப்பது, புருவம் தூக்குவது எதுவும் எங்கும் இல்லை. சில போட்டோக்கள். கொஞ்சம் இசைத்தட்டுகள். அவ்வளவுதான் பாக்கி.

*

இந்தக் கதையை எங்கள் தெருவில் குடியிருக்கிற ஒரு பையனிடம் சொன்னேன். மென்பொருள் கம்பெனியில் வேலை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் மொட்டைமாடியில் கிடார். "சார், இதே கதை அமெரிக்காவிலே இருக்கு" என்று தன் ஹெட்போனை என் காதில் மாட்டினான்.

ஒரு ஆள். ஒரு கிடார். ஆனால் இரண்டு பேர் வாசிக்கிற மாதிரிக் கேட்டது. சேற்றில் காலை இழுத்து நடக்கிற மாதிரி ஒரு தாளம், அதன்மேல் பூனை அழுகிற மாதிரி ஒரு கம்பி. குரலில் ஏதோ ஒரு அவசரம். பெயர் ராபர்ட் ஜான்சன்.

மிசிசிப்பி மாநிலத்துக் கறுப்பர். 1911-ல் பிறந்தவர். பருத்திக் காட்டில் கூலி வேலை பார்க்கிற குடும்பம். அதற்குப் பயந்துதான் கிடாரைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றினார். ஆரம்பத்தில் இவர் வாசித்தால், கேட்பவர்கள் 'போதும்ப்பா' என்று பிடுங்கி வைத்துவிடுவார்களாம். பிறகு கொஞ்ச காலம் ஆள் காணாமல் போய்த் திரும்பி வந்தபோது, பெரிய பெரிய ஆட்களே வாயைப் பிளக்கிற வாசிப்பு. உடனே கிளம்பிவிட்டது வதந்தி: நடுராத்திரி நாலு ரோடு கூடுகிற இடத்தில் பிசாசுக்கு ஆத்மாவை விற்று வித்தை வாங்கிவிட்டான்!

நானும் ஒரு தடவை நடுராத்திரி கேம்ப் ரோடு ஜங்ஷனில் நின்றிருக்கிறேன். பிசாசு வந்தால்கூட, "வேளச்சேரி, மேடவாக்கம்... ஏறு ஏறு, ஒரு சீட்டுதான்" என்று ஷேர் ஆட்டோக்காரர் அதை ஏற்றிக்கொண்டு போயிருப்பார்.

நிஜம் ரொம்ப சாதாரணம். ஒரு நல்ல வாத்தியார் கிடைத்தார். ராத்திரியில் தொந்தரவு இல்லாத இடம் என்று கல்லறைத் தோட்டத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார் என்கிறார்கள். ஒருத்தன் ராப்பகலாக உழைத்தான் என்பதைவிடப் பிசாசிடம் வாங்கினான் என்பது கேட்கிறவர்களுக்கு வசதி. பிசாசு நமக்கு வரவில்லை என்று நாம் நிம்மதியாகத் தூங்கப் போகலாம், பாருங்கள்.

ஜான்சன் மொத்தம் இரண்டே தடவைதான் ரெக்கார்டிங்குக்குப் போனார். 1936 நவம்பரில் சான் அன்டோனியோ ஊரில் ஒரு ஓட்டல் அறையில். 1937 ஜூனில் டல்லாஸில். மொத்தம் 29 பாட்டு. 1938 ஆகஸ்ட் 16-ல் செத்துப் போனார். விஷம் வைத்தார்கள் என்று ஒரு பேச்சு. இறப்புச் சான்றிதழில் மரணத்துக்குக் காரணம் என்ற இடத்தில் எழுதியிருப்பது: 'டாக்டர் இல்லை.' வயது 27.

நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

அதே வருஷம் டிசம்பரில் நியூயார்க்கின் பெரிய சங்கீத மண்டபமான கார்னகி ஹாலில் வாசிக்க அவரைத் தேடினார்கள். ஆள் இல்லை என்று தெரிந்ததும், மேடையில் அவருடைய இசைத்தட்டைப் போட்டுக் கேட்கச் செய்தார்கள். 1961-ல் எல்.பி. ரெக்கார்டாக வந்த அவருடைய பாட்டுகளைக் கேட்டு இங்கிலாந்துப் பையன்கள் பைத்தியமானார்கள். எரிக் கிளாப்டன் அதில் ஒருவர். 1990-ல் எல்லாப் பாட்டையும் ஒரு பெட்டியாகப் போட்டபோது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1994-ல் அமெரிக்க அரசு தபால்தலை வெளியிட்டது. அந்தப் போட்டோவில் ஜான்சன் வாயில் ஒரு சிகரெட் தொங்கும். தபால்தலையில் சிகரெட்டை எடுத்துவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது யாரும் கவலைப்படாத அவர் உடல்நலத்தைப் பற்றி, செத்து 56 வருஷம் கழித்து அரசாங்கம் கவலைப்பட்டிருக்கிறது!

இந்தப் பணமெல்லாம் யாருக்கு என்று ஒரு கணக்குப் பிள்ளைக்குச் சந்தேகம் வருமல்லவா? கேஸ் பல வருஷம் நடந்து, கடைசியில் அவருடைய மகன்தான் வாரிசு என்று 1998-ல் கோர்ட் சொன்னது. மகன் அப்போது ஜல்லி லாரி ஓட்டி ரிடையரான பெரியவர். அப்பாவைச் சின்ன வயதில் ஓரிரு முறை தூரத்தில் பார்த்தது அவருக்கு ஞாபகம். அப்பா மூன்று நிமிஷம் மூன்று நிமிஷமாகச் சேர்த்து வைத்துவிட்டுப் போன பிராவிடண்ட் ஃபண்ட்.

*

மூன்று நிமிஷம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்தத் தட்டின் சட்டம் அப்படி. பத்து அங்குலத் தட்டு, நிமிஷத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்தில் மூன்று, மிஞ்சினால் மூன்றரை நிமிஷம். விடிய விடிய நாடகத்தில் ஒரே பாட்டை முக்கால் மணி நேரம், ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்கக் கேட்கப் பாடிய கிட்டப்பா, ஸ்டூடியோவில் மைக்குக்கு முன்னால் நின்று மூன்று நிமிஷத்துக்குள் ஆலாபனை, பல்லவி, சரணம் எல்லாவற்றையும் முடிக்கவேண்டும். மெழுகுத் தட்டில் ஊசி நேரடியாகக் கீறிக்கொண்டே போகும். நடுவில் தும்மினால் தும்மலும் பதியும். தட்டே வீண், முதலிலிருந்து ஆரம்பம். வெட்டி ஒட்டுகிற வேலை கிடையாது. எவரனி என்ற தியாகராஜர் கீர்த்தனையை அவர் பாடியிருப்பதைக் கேளுங்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவன் ஓட்டமும் இருக்கும். ஆனால் வேஷ்டி மடிப்பு கலைந்திருக்காது.

இன்னொரு விஷயம் தெரிந்தபோது எனக்குப் புல்லரித்தது. இந்தத் தட்டுகளுக்கு வேண்டிய அரக்கு ஒரு சின்னப் பூச்சி மரக்கிளையில் கக்குவது. உலகத்துக்கே அரக்கு பெரும்பாலும் போனது இந்தியக் காடுகளிலிருந்துதான். ஆக, செங்கோட்டைக்காரர் குரலும் மிசிசிப்பிக்காரர் கிடாரும் அநேகமாக ஒரே காட்டுப் பூச்சியின் தயவில்தான் நமக்கு மிஞ்சியிருக்கின்றன. இரண்டாம் உலக யுத்தத்தில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்காவில் பழைய தட்டுகளை வீடு வீடாக வாங்கி உருக்கினார்கள். அதில் யார் யார் குரல் போயிற்றோ!

உருக்குகிறவர்களைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

2001-ல் என் அப்பா ஒரு டேப் ரெக்கார்டரை முன்னால் வைத்து, எண்பது வயசுத் தாத்தாவைப் பாட வைத்தார். ஒரு பக்கம் பூராவும் தாத்தா. அந்தப் பாட்டு, அந்த இருமல், நடுவில் பாட்டியின் "போதும், ஊர் சிரிக்குது." அடுத்த வருஷம் தாத்தா காலமானார்.

அதற்கு அடுத்த வருஷம் எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயசு. புதுப்படப் பாட்டு ரேடியோவில் வந்துகொண்டிருந்தது. கைக்குக் கிடைத்த கேசட்டைப் போட்டு, சிவப்புப் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அழுத்தினேன். நாலு பாட்டு அருமையாகப் பதிவாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்தக் கேசட்டைப் போட்டார். முதல் பாட்டு ஓடியது. இரண்டாவது ஓடியது. ஒருவேளை கடைசியில் இருக்குமோ என்று பக்கம் முடிகிற வரை உட்கார்ந்திருந்தார். டக்கென்று பட்டன் தானாக எழும்பியது. என்னைத் திட்டவில்லை. "நல்ல பாட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அடித்திருந்தால் மறந்திருப்பேன். இப்போது அப்பாவும் இல்லை. தாத்தாவின் குரலும் இல்லை. அந்த நாலு பாட்டுமே எனக்கு இன்றைக்குப் பிடிக்காது.

சந்தையில் ஏன் என் முகம் மாறியது என்று இப்போது புரிகிறதா?

*

தட்டை ஓட்ட மிஷின் வேண்டுமே! விசாரித்ததில், குரோம்பேட்டையில் ஒரு பெரியவர் சாவி கொடுக்கிற கிராமபோன் வைத்திருப்பதாகத் தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனேன். எண்பது தாண்டியவர். தட்டை வாங்கி மூக்குக்கிட்டே வைத்து மோந்து பார்த்தார். ஈரத் துணி, உலர்ந்த துணி என்று மாற்றி மாற்றித் துடைத்தார். டப்பாவிலிருந்து புது ஊசி எடுத்தார். "ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி சார். கஞ்சத்தனம் பண்ணினா தட்டைத் தின்னுடும்." சாவியைச் சுற்றினார்.

முதலில் மழை. அரை நிமிஷம் வெறும் மழை. அப்புறம் ஆர்மோனியம். அப்புறம் ஒரு ஆண் குரல், கிடுகிடுவென்று மேலே ஏறியது. எனக்குத் தொண்டையை அடைத்தது. தட்டில் ஒரு கீறல் இருந்ததால் சுற்றுக்கு ஒரு 'டொக்'. அதுவும் தாளத்தோடு சேர்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

முடிந்ததும் பெரியவர் கண்ணைத் திறந்தார்.

"எவ்வளவு கொடுத்தீங்க?"

"இருநூறு."

"இது கிட்டப்பா இல்லை."

"எப்படி சார் சொல்றீங்க?"

"கிட்டப்பா மேலே போறப்போ நமக்குப் பயமே வராது. இவர் போறப்போ நமக்கில்லே மூச்சு வாங்குது! கிட்டப்பா மாதிரிப் பாடணும்னு ஆசைப்பட்ட யாரோ. அந்தக் காலத்திலே ஊருக்குப் பத்துப் பேர் அப்படி இருந்தாங்க."

"யாருன்னு கண்டுபிடிக்க முடியாதா?"

லேபிளை உரசிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "பாவம்" என்றார்.

யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. பாடினவரையா, இருநூறு ரூபாய் கொடுத்தவனையா?

திரும்பும்போது ரயிலில் கணக்குப் போட்டேன். தொழில் அதுதானே. 27 வயசில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? சி.ஏ. இன்டர் ஐந்தாவது முறை எழுதி, ஐந்தாவது முறை ஃபெயில். கிட்டப்பாவும் ஜான்சனும் புறப்பட்டுப் போன வயசைத் தாண்டி ஒன்பது வருஷம் எக்ஸ்ட்ரா வாங்கியிருக்கிறேன். வரவு உண்டு, காட்ட ஒரு பதிவும் இல்லை.

ஆனால், மடியில் இருந்த தட்டைப் பார்த்தபோது அந்தப் பெயர் தெரியாதவர்மேல் கோபம் வரவில்லை. ஏதோ ஒரு நாள் காலையில் அவர் புது வேஷ்டி கட்டிக்கொண்டு, தொண்டைக்கு மிளகு பனங்கற்கண்டு போட்டுக்கொண்டு, தானும் கிட்டப்பா ஆகிவிடலாம் என்று மைக் முன்னால் நின்றிருப்பார். ஆகவில்லை. ஆனால் அந்த மூன்று நிமிஷம் உண்மையாக மூச்சைப் பிடித்திருக்கிறார். அது போதாதா என்று தோன்றியது. நானும் அந்த வர்க்கம்தானே.

*

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மாமா பாடுவாரே, அந்தப் பாட்டுக்காகவாடா இவ்வளவு அலைஞ்சே?" என்றவள், கரண்டியைக் கீழே வைக்காமலே பாட ஆரம்பித்தாள். அம்மா பாடி நான் கேட்டதில்லை. மருமகளாக வந்து இருபது வருஷம் விடிகாலையில் கேட்ட பாட்டு. அடி பிசகவில்லை. அந்த மேல்ஸ்தாயி இடம் வந்தது. நிறுத்தினாள். தாத்தா மாதிரியே இரண்டு தடவை இருமினாள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கிண்டலுக்கு இல்லை; பாட்டே அப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள்.

போனை நீட்டிக்கொண்டு நின்றேன். முடிந்ததும் பார்த்தால், இடம் இல்லை, பழையதை அழிக்கவும் என்கிறது போன். முழுக்க குட்மார்னிங் படங்கள்.

"அம்மா, இன்னொரு தடவை..."

"போடா, தோசை கருகுது."

ஒரே பாட்டைக் குடும்பத்தில் இரண்டாவது தடவையாகத் தொலைத்தவன் என்ற பெருமையோடு தூங்கப் போனேன்.

மறுநாள் காலை. பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே என் மகள். ஏழு வயசு. ஸ்கூல் வேன் வருகிற நேரம். கதவைத் தட்டினேன். பதில் இல்லை, பாட்டுச் சத்தம். வார்த்தை பாதி, மழலை பாதி. முந்தின நாள் ராத்திரி அடுப்படி வாசலில் நின்று கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது. கதவைத் திறக்கச் சொல்லும் பாட்டை, கதவைச் சாத்திக்கொண்டு பாடுகிறாள்!

அந்த இடம் வந்தது. நிறுத்தினாள். இருமினாள். இரண்டு தடவை.

அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "ஏங்க, குழந்தை இருமறா பாருங்க. சாயங்காலம் வரும்போது மருந்து வாங்கிட்டு வந்துடுங்க."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.